வெளிர் நிற கார் சீட்டில் கறை போன இடத்தில் வளையம் வருவது ஏன்?

காட்பாடியிலிருந்து ஒரு நண்பர், சீட்டின் படத்தையும் அனுப்பிக் கேட்டிருக்கிறார். ஐந்து வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார், உள்ளே முழுக்க பீஜ் நிறத் துணி சீட். பின் சீட்டில் டீ கொட்டிவிட்டது. சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்துவிட்டார். ஈரத்தில் பளிச்சென்று இருந்தது, மறுநாள் காய்ந்ததும் அந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம். மறுபடி கழுவினார், வளையம் இன்னும் பெரிதானது. "எந்த ஷாம்பு வாங்கலாம், அப்புறம் கோட்டிங் போட்டால் இந்தத் தொல்லை தீருமா?" என்பது அவர் கேள்வி. ஆனால் எழுதியிருப்பதைப் படித்தால், கழுவக் கழுவ ஏன் மோசமாகிறது என்பதுதான் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது. அதற்கு விடை கிடைத்தால் ஷாம்பு கேள்வி தானாகச் சின்னதாகிவிடும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் ஃபினிஷிங் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவன். சாயம் ஒட்டுவது, ஒட்டாமல் போவது, தண்ணீர் இறங்காத பூச்சு, இதெல்லாம் அங்கே கற்றது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருடமாக வேலூரில் கார் உட்புறம் சுத்தம் செய்து கொடுக்கிறேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில், கறையால் கெட்ட சீட்டை விடக் கறையை எடுக்கப் போய்க் கெட்ட சீட்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதிலும் பாதிக்குமேல் தண்ணீர் செய்த வேலை.

கார் சீட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு சதவீதம் வரை ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அப்படியென்றால் நீங்கள் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது? நூல் குடிக்கவில்லை, நூலுக்கு நடுவே வழிந்து, துணிக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபோமையும் தாண்டி, கீழே இருக்கும் பெரிய ஃபோமுக்குள் இறங்கிவிட்டது. டீயில் பாதியையும் சோப்பையும் கூடவே கொண்டுபோனது. மேலே துடைத்ததும் துணி சுத்தமாகத் தெரிந்தது அதனால்தான்.

அப்புறம் காய ஆரம்பிக்கிறது. ஈரம் வெளியேறுவது பெரும்பாலும் மேல்பக்கம் வழியாகத்தான். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, துணி அடியிலிருக்கும் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்ததெல்லாம் துணியிலேயே தங்கும். ஈரமும் உலர்வும் சந்திக்கிற ஓரத்தில் அது கோடாகப் படியும். போர் தண்ணீர் ஊறிய சுவரில் உப்பு பூக்குமே, அதே கதை. மறுபடி அதிகத் தண்ணீர் ஊற்றினால் ஈரம் இன்னும் அகலமாகப் பரவும், கோடும் அகலமாக விழும். உங்கள் வளையம் பெரிதானது இப்படித்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வளையம் ஏன் இவ்வளவு பழுப்பாக இருக்கிறது என்பதற்கு மேலும் இரண்டு காரணம் சேர்ந்திருக்கலாம், அவை என் ஊகம். டீயில் இருப்பது டானின். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே வகைச் சரக்கு, தோல் பதனிட எங்கள் ஊரில் காலங்காலமாகப் பயன்பட்டது. டானின் காரம் பட்டால் கறுக்கும், இரும்பு பட்டால் இன்னும் கறுக்கும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை காய்ச்சியதே அதை வைத்துத்தான். துணி துவைக்கும் சோப்புத்தூளில் சலவை சோடா இருக்கிறது, அது நல்ல காரம். உங்கள் வீட்டு போர் தண்ணீரில் பக்கெட் அடியில் செம்பழுப்பு படிகிறதென்றால் இரும்பும் சேர்ந்துவிட்டது. டீக்கறைக்கு சோப்புத்தூளும் போர் தண்ணீரும் சேர்ந்த கூட்டணி, வேண்டுமென்றே திட்டம் போட்டாலும் அமையாது.

சரி, இப்போது வளையத்தை எடுக்கும் வழி. காரை நிழலில் நிறுத்தி நான்கு கதவையும் திறந்து வையுங்கள். முதலில் வாக்யூம் கிளீனரால் சீட் முழுக்க, தையல் இடுக்கு உட்பட, உறிஞ்சி எடுங்கள். மண் இருக்கும்போது ஈரம் பட்டால் அது சேறு. பிறகு ஒரு ஸ்பிரே பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றி, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று கலந்து, வளையம் உள்ள பலகை முழுவதும், அதாவது ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை உள்ள துணிப் பகுதி முழுக்க, பனி படர்ந்த மாதிரி லேசாக அடியுங்கள். வளையத்தின் மேல் மட்டும் அடித்தால் புது வளையம் வரும். ஈரம் தையலில் போய் நிற்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். துணியில் பழுப்பு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். துணியைத் திருப்பித் திருப்பி, பழுப்பு ஏறுவது நிற்கும்வரை செய்யுங்கள். கடைசியில் வினிகர் இல்லாத வெறும் கேன் தண்ணீரில் ஒரு முறை.

அடுத்து நான் செய்வது, பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது. உலர்ந்த வெள்ளை டர்க்கி டவல் ஒன்றை அந்தப் பலகைமேல் இறுக்கமாக விரித்து, காற்று புகக்கூடிய ஒரு பிளாஸ்டிக் கூடையை அதன்மேல் கவிழ்த்து, கொஞ்சம் எடை வைத்து, பெடஸ்டல் ஃபேனைப் போட்டுவிடுவேன். ஃபோமிலிருந்து மேலே வருகிற ஈரம் இப்போது துணியோடு நிற்காமல் டவலுக்குப் போகும், அழுக்கும் அங்கே போய்ப் படியும். மூன்று மணி நேரம் கழித்து டவலைத் தூக்கிப் பார்த்தால், சீட்டில் இருந்த வளையம் அதே வடிவத்தில் டவலில் இருக்கும். முதல் தடவை பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஃபோமில் நிறைய இறங்கியிருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

இப்போது ஷாம்பு. நம்பவே மாட்டீர்கள், பெயரில் பெரிய வித்தியாசம் கிடையாது. காரம் அதிகமில்லாத எதுவும் போதும். வீட்டில் பாத்திரம் கழுவும் திரவமே அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் என்றால் பெரும்பாலான கறைக்கு ஆகிவிடும். அடித்துக் கலக்கி, நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் எடுத்துத் தடவ வேண்டும், தண்ணீரை அல்ல. நுரையில் சோப்பு இருக்கும், ஈரம் குறைவாக இருக்கும், ஃபோமுக்குள் இறங்காது. சோப்பை அதிகம் போட்டால் அதிகம் சுத்தமாகும் என்பது நம் ஊர் பழக்கம். துணியில் தங்கிய சோப்பு பிசுபிசுப்பாக இருந்து, ரோட்டுப் புழுதியைப் பிடித்து வைக்கும். "ஷாம்பு போட்டு இருபது நாளில் முன்னைவிட அழுக்காகிவிட்டது" என்று வருகிறவர்களின் சீட்டில் ஈரத் துணியை அழுத்தினால் நுரை கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அலசி எடுப்பதற்குக் கேன் தண்ணீர் என்று நான் அடித்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பாலாற்றங்கரையில் நம் பக்கம் நிலத்தடி நீர் தோல் ஆலைக் கழிவால் உப்பேறிப் போனது உங்களுக்கே தெரியும், அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் தீர்ப்பே வந்தது. அந்த உப்பை ஏன் சீட்டில் தடவ வேண்டும்? ஒரு சீட்டுக்கு அரை லிட்டர் நல்ல தண்ணீர் தாராளம்.

கறைக்குக் கறை வைத்தியம் மாறும். இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டு. தொழில் தொடங்கிய இரண்டாவது வருடம், ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த குடும்பத்தின் கார் வந்தது. பிரியாணியோடு கொடுத்த கத்தரிக்காய்த் தொக்கு பின் சீட்டில் கவிழ்ந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். நான் கடையில் வாங்கிய 'ஆல் பர்ப்பஸ்' கிளீனரை அடித்தேன். கண்ணெதிரே மஞ்சள் சிவப்பானது, ரத்தம் மாதிரி. வண்டிக்காரர் பதறிவிட்டார். கூட வந்திருந்த அவர் அம்மாதான், "ஏம்ப்பா, ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கியே" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி சுற்றுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஃபினிஷிங் பிரிவில் சாயத்தோடு ஒன்பது வருடம் இருந்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கிளீனரில் இருந்த காரம்தான் சுண்ணாம்பு வேலையைச் செய்தது. வினிகர் கலந்த தண்ணீரை ஒத்தினேன், சிவப்பு மறுபடி மஞ்சளானது. எண்ணெயை நுரையால் எடுத்தேன், மிச்ச மஞ்சளுக்கு இரண்டு நாள் காலை வெயில். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக மங்கிப் போகும். மிளகாயின் சிவப்பும் ஓரளவு அப்படித்தான். வேலூர் வெயிலை நாம் திட்டாத நாள் இல்லை, இந்த ஒரு கறைக்கு அதுதான் மருந்து. சீட்டின் சொந்த நிறமும் வெயிலில் வெளுக்கும் என்பதால் காலை மூன்று மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள்.

ஆற்காடு மக்கன் பேடா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கொட்டுவது பாகு. அதற்கு சோப்பே வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாலு முறை ஒத்தினால் சர்க்கரை கரைந்து வந்துவிடும். அப்புறம் நெய்க்கு மட்டும் நுரை. சரியாக எடுத்தீர்களா என்று எறும்பு வந்து சொல்லும். பால், குழந்தை வாந்தி, ரத்தம் இவற்றுக்கு வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் புரதம் முட்டை வெந்ததுபோல் துணியில் இறுகிவிடும். இதே காரணத்துக்காக, ஸ்டீம் மெஷின் வைத்திருக்கும் கடையில் இந்தக் கறைகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ந்த ரத்தத்துக்கு மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம் போதும், பாட்டிலில் 6 என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கவும். சீட்டுக்கு அடியில் தெரியாத இடத்தில் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பார்த்த பிறகே மேலே கை வைக்க வேண்டும். பால்பாயின்ட் மைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சில் தொட்டு வெளியிலிருந்து உள்நோக்கி. விபூதி, சந்தனம் விழுந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், காயவிட்டு வாக்யூம் போட்டால் முடிந்தது.

எதிலும் நூறு சதவீதம் வாக்குக் கொடுக்க முடியாத மூன்று கறைகள் உண்டு. ஒன்று, ஹெட்ரெஸ்டில் வருடக்கணக்காக ஏறிய தலை எண்ணெய். பாலியஸ்டர் தண்ணீரை வெறுக்கிற அளவுக்கு எண்ணெயை நேசிக்கும், பழைய எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாகவே மாறியிருக்கும், மங்கச் செய்யலாம், மாயமாக்க முடியாது. இரண்டு, புது ஜீன்ஸிலிருந்தோ சாயம் போகும் பட்டுப்புடவையிலிருந்தோ வியர்வையோடு ஏறிய நிறம். மூன்று, கடைக் குங்குமம். மஞ்சளில் செய்த பழைய குங்குமம் என்றால் வழி இருக்கிறது, செயற்கைச் சாயம் கலந்ததென்றால் அது எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்டால் போகுமே என்று தோன்றும். கறையோடு சீட்டின் நிறமும் போகும், வினிகர் அடித்த இடத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு வரும், மூடிய காருக்குள் அது விளையாட்டில்லை.

கோட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். இதன் மூதாதை ஸ்காட்ச்கார்ட் என்ற, துணியில் கறை ஒட்டாமல் தடுக்கும் பூச்சு. 1953இல் அமெரிக்காவில் த்ரீ எம் ஆய்வகத்தில் ஒரு ரப்பர் போன்ற ஃபுளோரின் கலவை தவறிப்போய் ஒரு கேன்வாஸ் ஷூமேல் தெறித்தது. என்ன கழுவியும் போகவில்லை, ஆனால் தெறித்த இடம் மட்டும் அழுக்காகவும் இல்லை. பேட்ஸி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு உருவாக்கியதுதான் அது. நாங்களும் ஆலையில் ஷூ மேல்தோலுக்கு இந்த வகைப் பூச்சு போடுவோம். வேலை செய்யுமா என்றால் செய்யும். தண்ணீரும் எண்ணெயும் துணியில் பரவாமல் முத்தாக நிற்கும், துடைத்தெடுக்க உங்களுக்கு ஒரு நிமிடம் அவகாசம் தரும். அவ்வளவுதான். அதற்குள் துடைக்கவில்லை என்றால் டீ டீதான். புழுதியை அது தடுக்காது. ஏறி இறங்கும்போது உரசுகிற டிரைவர் சீட் ஓரத்தில் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும், யாரும் உட்காராத நடு இடத்தில் நீண்ட நாள் இருக்கும். "ஐந்து வருட உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால், ஆறாவது மாதம் டிரைவர் சீட் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். விலை குறைந்தவை பலவும் சிலிகோன் வகை, தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. நம் ஊர்ச் சாப்பாட்டுக் கறைக்கு எண்ணெயைத் தள்ளுவதுதான் முக்கியம். வாங்குமுன் ஒரு துண்டுத் துணியில் அடித்துக் காயவிட்டு நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், உறிஞ்சினால் அது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஃபுளோரின் வகைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய கலவையில் இருந்த பொருள் உடலிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குகிறது என்று தெரிந்து, 2000இல் த்ரீ எம்மே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இப்போது வருவது மாற்றப்பட்ட கலவைகள், அவற்றிலும் ஃபுளோரின் இல்லாதவை கிடைக்கின்றன. அடிப்பதென்றால் கதவைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டு அடியுங்கள், குழந்தை அன்றைக்கு அதில் உட்கார வேண்டாம். உங்கள் சீட்டுக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வளையத்தை எடுக்காமல் மேலே பூச்சு அடித்தால் கறைக்குப் பாதுகாப்புக் கொடுத்த கதையாகும்.

என்னைக் கேட்டால், அந்தக் காலத்து அரசாங்க அம்பாசடர்களில் சீட்மேல் வெள்ளை டர்க்கி டவல் போர்த்தியிருப்பார்களே, அதற்கு இணையான பாதுகாப்பு இன்னும் வரவில்லை. வியர்வை, தலை எண்ணெய், டீ எதுவானாலும் டவல் வாங்கிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை கழற்றி மெஷினில் போடலாம். பார்க்க அதிகாரி வண்டி மாதிரி இருக்கும், அது ஒன்றுதான் குறை. என் வண்டியில் ஹெட்ரெஸ்டுக்கும் பின் சீட்டுக்கும் வெளிர் நிறப் பருத்தி விரிப்புதான். ரெக்சின் கவர் துடைக்க எளிது, ஆனால் சித்திரை வைகாசியில் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். எந்தக் கவர் வாங்கினாலும், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் திறப்பு விட்டுத் தைத்த கவர்தான் போட வேண்டும், முழுக்க மூடிய கவர் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும்.

செய்கிற நேரமும் முக்கியம். மாசியிலிருந்து ஆடிவரை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழு சீட்டையும் நனைக்கிற வேலையை எடுக்காதீர்கள். நான் அந்த இரண்டு மாதம் கறையை மட்டும் எடுத்துக் கொடுத்து, முழு வேலையைத் தைக்குப் பிறகு வரச் சொல்வேன். ஈரத்தோடு கண்ணாடியை ஏற்றி மூடினால் பூஞ்சை வாடை வந்துவிடும், அது கறையை விடப் பிடிவாதமானது. கடையில் கொடுப்பதாக இருந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: தண்ணீரைத் திரும்ப உறிஞ்சி எடுக்கும் மெஷின் இருக்கிறதா? பிரஷர் கன்னைக் காருக்குள் நீட்டும் கடையாக இருந்தால் சாவியைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். மேற்கூரைத் துணிக்கும் இதே எச்சரிக்கை. அது பசையில் ஒட்டி நிற்பது, ஈரம் அதிகமானால் தொங்கிவிடும்.

உங்கள் படத்தை வைத்து ஒன்றை மட்டும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. வளையத்துக்கு உள்ளே நிறம் சுற்றுப்புறத்தை விட வெளுத்திருப்பதுபோல் தெரிகிறது. அது சுத்தமானதாலா, காரத்தில் சாயமே இறங்கியதாலா என்பது கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்துப் பலகையைச் சுத்தம் செய்து பாருங்கள். அதுவும் அதே நிறத்துக்கு வந்தால் முன்னது வெறும் சுத்தம். வராவிட்டால் சாயம் போயிருக்கிறது, அதற்குத் துணி மாற்றுவது தவிர வழியில்லை. டவல் முறையை மூன்று தடவை செய்தும் வளையம் திரும்பினால் ஃபோமிலேயே சரக்கு அதிகம் என்று அர்த்தம், நல்ல குஷன் கடையில் சீட்டைக் கழற்றி, துணியை உரித்து, ஃபோமைத் தனியாக அலசச் சொல்லுங்கள். பின் சீட் பெரும்பாலும் கிளிப்பில் நிற்பது, இழுத்தால் வந்துவிடும். முன் சீட்டையும் கழற்றுகிறேன் என்று அவர்கள் கிளம்பினால், பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்த பிறகே சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டரில் கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.